ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

ஜூன் 17, செவ்வாய்

இந்த டைரி பட்டாசுக் கடைக்காரர் ஒருவர் ஜனவரியில் கொடுத்தது. டிவி மேல் சும்மா கிடந்தது. ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் குறித்து வையுங்கள் என்று டாக்டர் செல்வின் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார். அதில் டிக் போடத்தான் இடம் உண்டு. மீதியை எழுத இது.

இன்று முதல் திருப்பு. என் தங்கை பேச்சியின் வீட்டுக்காரர் காளிராஜுக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஆறு சென்டிமீட்டர் எலும்பு கிடையாது. ஏப்ரலில் பைக் விழுந்து நொறுங்கியது. சீழ் பிடித்ததால் கெட்டதையெல்லாம் வெட்டி எடுத்தார்கள். இடது இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து நிரப்பிப் பார்த்தார்கள். அதையும் சீழ் தின்றுவிட்டது. இப்போது காலைச் சுற்றி இரும்பு வளையங்கள். வளையத்திலிருந்து கம்பிகள் தோலுக்குள் போய், எலும்பைத் துளைத்து, மறுபக்கம் வருகின்றன. மேலே நல்ல எலும்பில் ஒரு துண்டை அறுத்து விட்டிருக்கிறார்கள். நட்டைத் திருப்பத் திருப்ப அந்தத் துண்டு கீழே இறங்குமாம். அது விட்டுவிட்டு வந்த இடத்தில் புது எலும்பு தானாக வளருமாம். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். அறுபது நாள்.

மூன்று நட்டு. ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம். ஒரு தடவைக்கு ஒரு பக்கம், நாளுக்கு நாலு தடவை. பத்து நம்பர் ஸ்பேனர்தான், நான் ஓட்டுகிற பஸ்ஸின் டூல்ஸ் பெட்டியில் கிடக்கும் அதே ஸ்பேனர். பேச்சி கையில் வாங்கினாள், கம்பி தோலுக்குள் போகும் இடத்தைப் பார்த்தாள், அப்படியே சுவரோடு சரிந்துவிட்டாள். ஆக, வேலை என் தலையில். ஜூலை 31 வரை லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

காலை 6, பகல் 11, மாலை 4, இரவு 9.

ஜூன் 18, புதன்

நாலு.

ஜூன் 19, வியாழன்

நாலு. மழை வருகிற மாதிரி வந்து வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

நாலு. கம்பி நுழையும் ஓட்டைகளை உப்புத் தண்ணீரில் பஞ்சு நனைத்துத் துடைக்க வேண்டும். பதினாலு ஓட்டை. ஒன்றைத் துடைத்த பஞ்சால் இன்னொன்றைத் தொடக்கூடாது. முக்கால் மணி நேரம் ஆகிறது, முதுகு விட்டுப்போகிறது.

மாப்பிள்ளை டைல்ஸ் ஒட்டுகிறவர். சாத்தூர்ச் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒட்டிய தரையில் கோலிக்குண்டை வைத்தால் உருளாது என்பார்கள். குத்தவைத்துச் செய்கிற வேலை. கால் மடங்கவில்லை என்றால் வேலை இல்லை. நான் துடைக்கும்போது அவர் வீட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். இன்று, "அந்த மூலையில ஒரு எம்.எம். எறங்கியிருக்கு மச்சான். நான் ஒட்டுனதுதான். இத்தன வருசம் கண்ணுல படல பாருங்க" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பேச்சி பள்ளிக்கூடச் சத்துணவு மையத்திலிருந்து வந்ததும் எனக்குத்தான் முதலில் காபி. "நீ இல்லன்னா இந்த வீடு என்ன ஆயிருக்கும்ணே. கூடப் பொறந்தவன்னா உன்ன மாதிரி இருக்கணும்."

காபியில் சர்க்கரை அதிகம். அப்படியே குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

மதுரைக்குக் காரில் போய் எக்ஸ்ரே. இறங்கின துண்டுக்குப் பின்னால் லேசாகப் புகை படிந்த மாதிரி தெரிந்தது. டாக்டர் அதைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். "இதுதான் புது எலும்பு. நல்லா வருது. யார் திருப்புறது?"

பேச்சி என்னைக் காட்டினாள். "எங்க அண்ணன் சார். டிரைவர். இருபத்திரண்டு வருசத்துல ஒரு ஆக்சிடென்ட் கிடையாது. கவர்மென்ட்ல சர்டிபிகேட் குடுத்திருக்காக."

டாக்டர் எனக்குக் கை கொடுத்தார்.

ஜூலை 4, வெள்ளி

மாப்பிள்ளையின் பெரியம்மா மகள் விருதுநகரிலிருந்து பார்க்க வந்திருந்தாள். எப்படி ஆனது என்று கேட்டாள். நான் பஞ்சு நனைத்துக்கொண்டிருந்தேன். பேச்சி சொன்னாள்.

"இருக்கன்குடியில எங்க சொந்தத்துல கிடாவெட்டு. மத்தியானம் சாப்பிட்டு இவரும் அண்ணனும் ஒரே பைக்குல வந்தாக. இவரு வேகமா ஓட்டியிருக்காரு. திருப்பத்துல மணல். அண்ணன் பின்னால இருந்ததால தப்பிச்சான், கையில சிராய்ப்போட போச்சு. அவனுக்கும் எதாச்சும் ஆயிருந்தா எங்க மதினி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண், "வேகம் ஆகாது மதினி, ஆம்பளைகளுக்குச் சொன்னா எங்க கேக்காக" என்றாள். போலீஸ் எழுதினதும் அப்படித்தான். காளிராஜ் ஓட்டினார், பின்னால் உட்கார்ந்திருந்தது மகாலிங்கம், அதாவது நான். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி மாப்பிள்ளையே அப்படிச் சொன்னார். யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. நான் சொல்லச் சொல்லவில்லை. அரசு பஸ் டிரைவர், வாயில் வாடை, மட்ட மத்தியானம். வேலை போயிருக்கும். அது அவருக்குத் தெரியும்.

நான்தான் ஓட்டினேன். எழுதிவிட்டேன். டைரியைப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும்.

நாலு.

ஜூலை 5, சனி

கணக்குப் பார்த்தேன். நேற்றோடு பதினெட்டு மில்லிமீட்டர். மீதி நாற்பத்திரண்டு. இப்படியே போனால் ஆகஸ்ட் பதினைந்து ஆகிவிடும். லீவு 31-ல் முடிகிறது. அதற்குப் பிறகு யார் வருவது? காலையிலும் மாலையிலும் மட்டும் ஒரு பக்கத்துக்குப் பதில் இரண்டு பக்கம் திருப்பினால் ஆகஸ்ட் ஒன்று, இரண்டு வாக்கில் முடிந்துவிடும். புகைதான் நன்றாக வருகிறதே.

ஆறு. அட்டையில் நாலு டிக்.

ஜூலை 8, செவ்வாய்

ஆறு. மாப்பிள்ளைக்குக் கால் விரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம்.

ஜூலை 11, வெள்ளி

ஆறு. இன்று தன் பழைய டேப்பை எடுத்துத் தரச் சொன்னார். வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் வைத்து அளந்தார். சுருட்டிக் கொடுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரி சண்முகத்தாய், "லீவு போட்டும் வீட்ல இருக்க மாட்டேங்கிறீக. அங்க இருந்து வந்தா மூஞ்சி கடுகடுன்னு இருக்கு" என்றாள். தூக்கம் சரியில்லை என்றேன். அது உண்மைதான்.

ஜூலை 15, செவ்வாய்

ஆறு. செக்கப்புக்குப் போகவேண்டிய நாள். கார் கிடைக்கவில்லை என்று சனிக்கிழமைக்குத் தள்ளினேன்.

ஜூலை 16, புதன்

ஆறு. பேச்சி எனக்கு வேட்டி சட்டை எடுத்து வைத்திருக்கிறாள், கால் சரியானதும் கட்டிக்கொள்ள. "உன்னாலதான்ணே" என்றாள். வெளியே வந்து கொஞ்ச நேரம் தெருவிலேயே நின்றேன். இந்த வேலை முடிந்து, அந்த வீட்டுக்குப் போகாமல் இருக்கிற ஒரு நாள் வராதா என்று இருக்கிறது.

ஜூலை 19, சனி

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டினார். ஸ்கேல் வைத்து அளந்தார். அட்டையைக் கேட்டார். மறுபடி அளந்தார்.

"முப்பத்திரண்டு இருக்கணும். முப்பத்தொன்பது இருக்கு. நடுவுல பாருங்க, காலியா கிடக்கு. எலும்பு வளர்றதுக்கு முன்னாடி இழுத்துட்டீங்க. பின்னால வந்தது எல்லாம் அந்துபோச்சு. யாரு இப்படிப் பண்ணது?"

அறையில் நாங்கள் மூன்று பேர். அட்டையில் என் கையால் போட்ட டிக், நாலு நாலாக வரிசையாக இருந்தது. வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"நான்தான் சார்" என்றார் மாப்பிள்ளை. "மச்சான் போனப்புறம் நானே ஒரு ரெண்டு பக்கம் திருப்பிக்கிட்டேன். சீக்கிரம் வேலைக்குப் போகணும்னு."

டாக்டர் கத்தினார். படித்தவர், கெட்ட வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான். பிறகு குரலை இறக்கிப் பேச்சியிடம் சொன்னார். கொஞ்ச நாள் நட்டைப் பின்னால் திருப்பி அமுக்க வேண்டும். அப்படி அமுக்கினால் சில பேருக்கு எலும்பு மறுபடி பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் வலது இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அங்கே நிரப்ப வேண்டும். ஆனால் அது கடைசியில் துண்டும் கீழ் எலும்பும் சேருகிற இடத்துக்கு என்று அவர் வைத்திருந்தது. இடது இடுப்பில் ஏற்கெனவே எடுத்தாயிற்று. இங்கே செலவழித்தால் அங்கே இல்லை. "அப்படி ஆச்சுன்னா காலை எடுத்துட்டு செயற்கைக் கால் போடுறதுதான் நல்லதுன்னு நானே சொல்வேன்மா."

எனக்கு அப்போதுதான் குரல் வந்தது. "என் இடுப்பில இருந்து எடுத்துக்கங்க சார். எவ்வளவு வேணும்னாலும்."

டாக்டர் என்னைப் பரிவோடு பார்த்தார். "அடுத்தவங்க எலும்பு சாரம் கட்டுற மாதிரிதான். சாரத்தைப் பிடிச்சு அவரோட எலும்புதான் ஏறி வரணும். அவருக்கு அவரோடதுதான் நல்லது. உங்க மனசு புரியுது, வேண்டாம்."

பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

திரும்பி வரும்போது காரில் முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

ஜூலை 21, திங்கள்

ஸ்பேனரைப் பேச்சி தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். நான் போனால்தான் எடுத்துத் தருகிறாள். "நீ மட்டும் தொடு. அவரு கையில குடுக்காத" என்றாள், அவர் காதில் விழும்படி. பிறகு அவரிடம் நேராகவே, "அன்னைக்கு பைக்கையும் விரட்டிக் காலைப் போட்டீக. இன்னைக்கு இதையும் விரட்டிட்டீக. எதுலதான் உங்களுக்குப் பொறுமை இருக்கு? நாலு வருசம் ஆனாலும் நான் ஆக்கிப் போட மாட்டேன்னு சொன்னேனா?" என்று கேட்டாள்.

நான் நட்டைப் பின்னால் திருப்பினேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம்தான், பின்னால்.

ஜூலை 24, வியாழன்

இரண்டு, பின்னால். ஆடி வெள்ளிக்கு வீடு கழுவ வேண்டும் என்று பேச்சி காலையிலேயே வாளியோடு நின்றாள். அவர் கட்டிலைச் சுற்றி மட்டும் கழுவவில்லை. இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ஜூலை 27, ஞாயிறு

இன்று பேச்சி கறி எடுக்கப் போயிருந்தாள். ஸ்பேனரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். நான் இரண்டாவது நட்டில் இருந்தேன்.

"மச்சான்" என்றார்.

"வலிக்குதா மாப்ள?"

"டைலுக்கும் டைலுக்கும் நடுவுல ரெண்டு எம்.எம். ஸ்பேசர் வச்சு வச்சு இருபது வருசம் ஒட்டுனவன் நான். அரை எம்.எம். கூடிருச்சுன்னா கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். நீங்க கூடத் திருப்புன மொத நாளே தெரியும் எனக்கு."

நான் ஸ்பேனரை எடுக்கவில்லை. நட்டிலேயே இருந்தது.

"அப்பவே ஏன் சொல்லல?"

"எனக்கும் சீக்கிரம் முடிஞ்சா தேவலன்னு இருந்துச்சு. நீங்க இங்க வந்து உக்காருறதப் பாக்க முடியல மச்சான். குத்தவாளி கோர்ட்டுக்கு வந்த மாதிரி வாறீக. போலீஸ்கிட்ட நான் சொன்னது உங்களுக்காகத்தான். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. டாக்டர்கிட்ட சொன்னது அப்படி இல்ல. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீங்க குறுக்க ஒரு வார்த்தை பேசுவீகன்னு பாத்தேன்."

பேச்சி செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாவது நட்டையும் திருப்பிவிட்டு வந்தேன். கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

இரண்டு, பின்னால். ஒன்றும் எழுத வரவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

மாலை நாலு மணிக்குப் போனேன். பேச்சி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சாவியை இடுப்பிலிருந்து எடுத்தாள். நான் வாங்கவில்லை.

"பேச்சி, பைக்க நான்தான் ஓட்டுனேன்."

அவள் தண்ணீரை வடித்தாள். மறுபடி குழாயைத் திறந்தாள்.

"குடிச்சிருந்தேன். மாப்ள வேண்டாம்னு சொன்னாரு, நான்தான் கேக்கல. நட்டைக் கூடத் திருப்புனதும் நான்தான். அவரு இல்ல."

எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு மாதமாக இதை மனசுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், பஸ் ஓட்டும்போது, குளிக்கும்போது. அதில் எப்போதும் நான் அழுவேன், அவள் அடிப்பாள். இன்று இரண்டும் நடக்கவில்லை.

"போலீஸ்ல?" என்று கேட்டாள்.

"அவரு ஓட்டுனதாத்தான் இருக்கு."

"உன் டிப்போல?"

"அவுகளுக்குத் தெரியாது."

குழாயை அடைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். பீரோவைத் திறந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை கட்டிலுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அவள் கம்பிகளைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது, ஆனால் நின்றாள்.

"எந்தப் பக்கம்னு காட்டு."

காட்டினேன். முதல் தடவை ஸ்பேனர் வழுக்கியது. மாப்பிள்ளை பல்லைக் கடித்தார். மூன்று நட்டையும் அவளே திருப்பினாள். பிறகு பஞ்சை எப்படி நனைப்பது, எந்த ஓட்டையிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டாள். எல்லாம் சொன்னேன். முடிந்ததும் ஸ்பேனரைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, "நீ போ" என்றாள்.

அண்ணே என்று சொல்லவில்லை.

ஜூலை 30, புதன்

காலை ஆறு மணிக்குத் தானாக முழித்துக்கொண்டேன். போக இடமில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

டியூட்டியில் சேர்ந்தேன். கோவில்பட்டி போய் வந்தேன், மூன்று நடை. வண்டி ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சண்முகத்தாய் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. இரண்டு நாள் சோறு வைக்கவில்லை, பிறகு வைத்தாள். எக்ஸ்ரே படத்தில் புது எலும்பு நூல் நூலாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறதாம். டாக்டர் மறுபடி முன்னால் திருப்பச் சொல்லியிருக்கிறார், இந்தத் தடவை நாளுக்கு மூன்று பக்கம்தான். வலது இடுப்பைத் தொடவில்லை.

"பேச்சியே திருப்புறா" என்றாள். "சத்தமா எண்ணிக்கிட்டே திருப்புறா. தெருவுக்கே கேக்குது."

செப்டம்பர் 24, புதன்

துண்டு கீழே வந்து சேர்ந்துவிட்டது. இன்று மதுரையில் ஆபரேஷன், வலது இடுப்பு எலும்பை எடுத்துச் சேருகிற இடத்தில் வைக்கிறார்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். ஆபரேஷன் தியேட்டர் மாடிக்குப் போகவில்லை, கீழே சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு நல்லபடியாக முடிந்தது என்று வாட்ச்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாப்பிடவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

அக்டோபர் 29, புதன்

இன்று என்னை மதுரை வண்டிக்கு மாற்றிப் போட்டார்கள். சாத்தூரில் நிறுத்தினேன். முன் படிக்கட்டில் வாக்கரோடு மாப்பிள்ளை நின்றார், பின்னால் பேச்சி. கார்க்காரன் வரவில்லை போலிருக்கிறது. இது என் வண்டி என்று அவர்களுக்குத் தெரியாது. கண்டக்டரும் இன்னொருவரும் அவரைத் தூக்கி ஏற்றினார்கள். காலில் வளையம் இன்னும் இருக்கிறது, மேலே துணி சுற்றியிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். "மச்சான்" என்றார். எனக்குப் பின்னால் இருக்கிற சீட்டில்தான் உட்கார வைத்தார்கள்.

"எப்படி இருக்கு மாப்ள?"

"போன மாசப் படத்துல எலும்பு வெள்ளையா தெரிஞ்சிருச்சு. சேந்திருச்சுன்னா இன்னைக்குத் தேதி சொல்லுவாரு, வளையத்தக் கழட்ட. கால் நமக்குத்தான் மச்சான்."

எனக்குக் கண்ணாடியில் ரோடு தெரியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தேன். விசில் கொடுத்துவிட்டார்கள். கியரைப் போட்டேன்.

பேச்சி இன்னும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மூன்று மாதம் கழித்து இப்போதுதான் அவளை இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன். காதோரம் நரைத்திருக்கிறது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"டிரைவர், பாத்து மெதுவாப் போங்க. கால் முடியாதவர் உக்காந்திருக்காரு."

பிறந்ததிலிருந்து என்னை அவள் போங்க என்று சொன்னதில்லை.

"சரிங்கம்மா" என்றேன்.

நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் பிரைவேட் வண்டிக்காரன் ஹாரன் அடித்தே உயிரை எடுத்தான். மதுரைக்குப் பதினேழு நிமிஷம் லேட். அவர்கள் இறங்கி, ரோட்டைத் தாண்டி, ஆட்டோ ஏறும் வரை வண்டியை எடுக்கவில்லை.

திரும்பி வந்ததும் கிளை மேலாளர் அறைக்குப் போனேன். ஏப்ரல் ஆறாம் தேதி நடந்த ஒரு விபத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன். எந்த பஸ் என்று கேட்டார். பஸ் இல்லை சார், பைக், நான்தான் ஓட்டினேன், குடித்திருந்தேன், போலீஸில் என் மாப்பிள்ளை பெயர் இருக்கிறது, நாளைக்குக் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் மாற்றச் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். வெளியே வந்து, நாளைக்கு என் வண்டிக்கு வேறு ஆள் போடுங்கள் என்று கன்ட்ரோலரிடம் சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.